கயிற்றில் கை வைத்தவர்கள்

சிலுவைத்துறைக் கடலின் சத்தம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு நின்றது, ஊரில் பாதிப் பேர் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே நின்றது. களவு போகவில்லை, யாரும் சாபம் விடவில்லை, புயல் அடிக்கவில்லை, வலை போட்டு இழுத்துக் கரையில் ஏற்றினார்கள், அவ்வளவுதான். அது எப்படி முடியும் என்று கேட்டால் அதற்கும் பெரிய பதில் கிடையாது. வலையின் கண்ணைச் சின்னதாக்கிக்கொண்டே போனார்கள், போகப் போக அதில் மாட்டாமல் தப்பிக்கிற பொருள் என்று எதுவும் இல்லாமல் போயிற்று.

கடைசியாக அந்தக் கண்ணைச் சின்னதாக்கியது ஷைனி.

ஷைனிக்கு அப்போது பதினேழு வயது. பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவள், ஏன் விட்டாய் என்று கேட்டவர்களிடம் பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்லி, மேற்கொண்டு கேட்டவர்களிடம் அதையும் சொல்லாமல் எழுந்து போனவள். அம்மா இல்லை. அப்பா வறுவேல் கட்டுமரத்தில் தனியாளாகப் போய்த் தூண்டில் போட்டு வருகிறவர்; கண்ணில் பூ விழுந்து நாலு வருடம் ஆகிறது. ஆஸ்பத்திரிக்கு வாங்க என்று ஷைனி கூப்பிடாத மாதம் இல்லை, கண்ணில் கத்தி வைக்க விடமாட்டேன் என்று அவர் சொல்லாத மாதமும் இல்லை. கண் தெரியாத ஆள் எப்படிக் கடலுக்குப் போகிறார் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். போவதற்குக் கண் எதற்கு, முகத்தை நேராக வைத்துத் துடுப்புப் போட்டால் எல்லாப் பக்கமும் கடல்தான்; திரும்பி வருவதற்குத்தான் ஏதாவது வேண்டும், அதற்கு அவரிடம் காது இருந்தது. கிழக்கே பாறையில் அலை அடிக்கிற சத்தம் வேறு, மாதா கோயிலுக்கு நேராக மணலில் விழுகிற சத்தம் வேறு, மேற்கே ஆறு கடலில் சேர்கிற பொழிமுகத்தில் மணலை உறிஞ்சிக்கொண்டு போகிற சத்தம் வேறு. மூன்றையும் கரை தெரியாத தூரத்தில் இருந்து பிரித்துக் கேட்டு, நடுச்சத்தத்தைப் பார்த்துத் துடுப்புப் போட்டு, மத்தியானம் ஒரு மணிக்கு முன்னால் தன் வீட்டு வாசலுக்கு நேராக வந்து இறங்குவார்.

இனி ஊர் வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும், அது தெரியாமல் மீதி விளங்காது. கரைவலையை வள்ளத்தில் கொண்டுபோய்க் கடலில் அரைவட்டமாக விரித்து, இரண்டு முனைக் கயிற்றையும் கரைக்குக் கொண்டுவந்து, இரண்டு வரிசையாக நின்று இழுப்பார்கள். வலையின் நடுவில் பை மாதிரி இருக்கிற மடி கடைசியில் கரையேறும், பிடிபட்டதெல்லாம் அதற்குள்தான் கிடக்கும். வலை ரெஜிஸ் என்பவருடையது. ஆனால் மடி மணலைத் தொடுவதற்கு முன்னால் கயிற்றில் யார் கை வைத்தாலும் அவருக்குப் பங்கு உண்டு. எழுபது வயது ஆளோ, வயிற்றுப்பிள்ளைக்காரியோ, டியூஷன் போகிற வழியில் பையோடு வந்து தொட்டுவிட்டுப் போகிறவனோ, கை வைத்தால் பங்கு. ஏலம் போடும் முன்பு ஆளுக்கு இரண்டு கை அள்ளிக் கறிப்பங்கு என்று வீட்டுக்குக் கொண்டுபோகலாம். இன்னொன்றும் உண்டு: பங்கு வாங்கியவர் அந்த மடியைப் பற்றிக் குறை பேசக்கூடாது, பேசினால் அதன்பிறகு கயிற்றில் இடம் கிடையாது. கரையில் அடிதடி வராமல் இருக்க எப்போதோ வைத்த விதி இது. நல்ல விதிதான், அதனால்தான் யாரும் அதைச் சந்தேகப்படவில்லை.

முதலில் மடியின் கண்ணில் இரண்டு விரல் நுழையும், அப்போது வந்தது அயிலையும் பாரையும். அவை குறைந்ததும் ஒரு விரல் கண் வைத்தார்கள், சாளை வந்தது. சாளை குறைந்ததும் பென்சில் நுழைகிற கண், நெத்திலி வந்தது. அதுவும் குறைந்ததும் அரிசி நுழைகிற கண் வைத்தார்கள், அப்போது வந்தவற்றுக்குப் பெயர் சொல்ல முடியாது, ஏனென்றால் எந்த மீனும் அந்த வயதில் இன்ன மீன் என்று தெரியாது. பெயர் தெரியாவிட்டால் என்ன, குளிர்வண்டி வைத்திருந்த சுதாகரன் எது வந்தாலும் போடுங்க அண்ணே என்றார். எடுத்துக்கொண்டு போய் எங்கேயோ காயவைத்து அரைத்து எந்த ஊர்க் கோழிகளுக்கோ தீனியாக்கினார்கள். கடல்குதிரை வந்தது, அதைத் தனியாகக் காயவைத்துக் கேட்டார். கால் முளைத்த அன்றே கடலுக்குள் இறங்கிய ஆமைக்குஞ்சு வந்தது, அதைப் பார்க்காத மாதிரி வாங்கிக்கொண்டார். நண்டு முட்டை வந்தது, மீன் முட்டை வந்தது, வழுவழுவென்று ஒன்று வந்தது, எல்லாம் போயிற்று. அப்புறம் ஒரு ஆடி மாதம் மடி காலியாக, துவைத்த தலையணை உறை மாதிரி கரையேறியது. மறுநாளும் அப்படி. பதினாறு நாள் அப்படி.

பதினேழாம் நாள் ரெஜிஸ் ஷைனியிடம் வந்தார். ஊரிலேயே அவள் விரல்தான் வேகம், அவருடைய வலை கிழிந்தால் அவள்தான் தைப்பாள். இன்னும் சின்னதாட்டு ஒரு மடி தைக்க முடியுமா மக்களே என்று கேட்டார். முடியும் என்றாள். யோசிக்கக்கூட இல்லை. அவளுக்கு ஒரு போன் வேண்டும், பதினாறு நாளாகப் பங்கு இல்லை, இதைப் பூசி மெழுகிச் சொல்வதில் அர்த்தமில்லை. பக்கத்து வீட்டு பிலோமி அக்கா தன் கைக்குழந்தைக்கு வாங்கிய கொசுவலையைக் கொடுத்தாள், இன்னும் ஏழு வீட்டில் கொடுத்தார்கள். அவற்றை இரண்டாக மடித்து, ஒன்றின் கண் இன்னொன்றின் கண்ணை மறைக்கிற மாதிரி வைத்து, குறுக்கே நூல் ஓட்டி மூன்று நாளில் தைத்து முடித்தாள். வறுவேல் அதைக் கையில் வாங்கி விரலால் தடவிப் பார்த்தார்.

“இதுல தண்ணியே நிக்குமே மக்களே.”

“நின்னா நிக்கட்டு” என்றாள் அவள்.

தண்ணீர் நிற்கவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை அறுபது பேர் இழுத்தும் மடி வரமாட்டேன் என்றது, பெரிய கூட்டம் விழுந்திருக்கிறது என்று இன்னும் நாற்பது பேர் ஓடிவந்து கை வைத்தார்கள், டீக்கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து கை வைத்தார்கள், திருப்பலி முடித்து வந்த சாமியார்கூட அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு கை வைத்தார். மடி மணலைத் தொட்ட அதே நொடியில் அவர்களுக்குப் பின்னால், முன்னால், இரண்டு பக்கமும், பிறந்த நாளிலிருந்து ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த அது நின்றது. அலை எழும்பியது, வளைந்தது, விழுந்தது, நுரைத்தது, டிவியில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் படம் பார்ப்பது மாதிரி எல்லாம் நடந்தது. மடி உப்பிப்போய்க் கிடந்தது, உள்ளே கண்ணுக்கு ஒன்றுமில்லை. ரெஜிஸ் முடிச்சைக் கொஞ்சம் தளர்த்தினார். உள்ளே இருந்து வந்த இரைச்சலில் நாய்கள் ஓடின. சட்டென்று இறுக்கிக் கட்டிவிட்டு, கொஞ்ச நேரம் மணலில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, கறிப்பங்கு எடுக்கிறவங்க பாத்திரம் கொண்டு வாங்க என்றார்.

கடல் ஊமையானதுகூட ஷைனியை அவ்வளவு உலுக்கவில்லை, பாத்திரத்தோடு வரிசை நின்றுவிட்டதுதான் உலுக்கியது. மூடி போட்ட தூக்குவாளி, குடம், ஹார்லிக்ஸ் பாட்டில், தண்ணீர் கேன் எல்லாம் வந்தது. பெண்கள் கையைக் குவித்து அள்ளினார்கள், சத்தம் விரலிடுக்கில் ஒழுகி மணலில் விழுந்து இஸ் என்று அடங்கியது, சிந்தாம அள்ளுங்க என்று ஆண்கள் ஏசினார்கள். வரிசையில் அவளும் நின்றாள். அவளும் ஒரு வாளியில் அள்ளினாள்.

சுதாகரன் மடியில் காதை வைத்துக் கேட்டார், போனில் யாரிடமோ பேசினார், எடை போடச் சொன்னார். எடை இருந்தது. ஐஸ் போட்டு மூடி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். யார் வாங்கினார்கள் என்று தெரியாது. மலைமேல் கட்டிய சொகுசு விடுதிக்காரர்கள் என்று சிலர், தூக்கம் வராத பணக்காரர்கள் என்று சிலர், இதெல்லாம் அரைத்துக் கோழிக்குத்தான் போடுவார்கள் என்று ஒருவர். பங்கு கைக்கு வந்தது, ஷைனிக்குப் போன் வந்தது.

ஊர் அதற்குப் பழகிய வேகத்தைத்தான் சொல்ல வேண்டும். முதல் வாரத்தில் எல்லாருடைய குரலும் இறங்கியது. அலைக்கு மேலே கேட்க வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகக் கத்திப் பேசியவர்கள் இவ்வளவு நாளும் கத்திக்கொண்டிருந்தோமா என்று வெட்கப்பட்டார்கள். ஆறு வீடு தள்ளி ஒருவர் இருமினால் கேட்டது. எந்த வீட்டில் புருஷன் பொண்டாட்டி பேசிக்கொள்ளவில்லை என்பது கேட்டது. கோயில் கல்லறையில் ஓணான் ஓடுவது கேட்டது. சாமியார் பிரசங்கத்தில் அமைதியும் கடவுளின் கொடைதான் என்றார், கோயிலுக்கு விழுந்த பங்கைத் திருவிழா அன்று மைக்குக்கு முன்னால் திறந்துவிட்டார், எல்லாரும் கைதட்டினார்கள். பிலோமி அக்காவின் குழந்தை அலை இல்லாமல் தூங்கவில்லை, அதனால் அவள் மத்தியானம் தூக்குவாளியை விரல் அளவு திறந்து தொட்டில் பக்கம் வைப்பாள், குழந்தை தூங்கியதும் மூடுவாள். ஒருவர் தன் பங்கை ரிங்டோனாக மாற்றித் தரச்சொல்லிக் கடையில் கொடுத்து ஏமாந்தார். ஷைனி தன் வாளியைத் தினமும் காதோரம் வைத்து வைத்து ஒரே மாதத்தில் தீர்த்தாள்.

வறுவேல் வழக்கம்போலப் போனார், இரண்டு மணிக்கு வந்தார். ஒரு மணி நேரம் பிந்தியதற்கு அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

“சத்தம் போனா போவட்டு. வாசம் இருக்கே மக்களே. கரைவாசம் மூக்குல அடிக்கும், அத வச்சு வந்திருவேன்.”

கார்த்திகையில் ரெஜிஸ் திரும்ப வந்தார். இன்னும் சின்னதாட்டு முடியுமா. அப்பா சொன்னது காதில் இருக்கும்போதே ஷைனி முடியும் என்றாள். சுற்றுவட்டாரத்தில் இப்படி ஒரு மடி யாராலும் தைக்க முடியாது என்று பேசிக்கொண்டார்கள், அது அவளுக்குப் பெருமையாக இருந்தது, வேறு காரணம் தேட வேண்டாம். சேலைத் துணியை மேலே வைத்துத் தைத்தாள். அந்த மடியில் வாசம் விழுந்தது. உப்பும் பாசியும் காய்கிற மீனும் ஈர மணலும் சேர்ந்த அந்த வாசம் முழுக்க ஒரே இழுப்பில் கரையேறியது, கறிப்பங்கு அள்ளினார்கள், சாக்கில் மூட்டை கட்டி சுதாகரன் கொண்டுபோனார். அன்றிலிருந்து ஊரில் கடல்வாசம் இல்லை, சோப்பு வாசமும் சாக்கடை வாசமும்தான் இருந்தது. கல்யாணச் சம்பந்தம் பேச உள்நாட்டிலிருந்து வந்தவர்கள் மூக்கைப் பொத்தாமல் உட்கார்ந்தார்கள் என்று சிலர் சந்தோஷப்பட்டார்கள்.

வறுவேல் அன்று மூன்றரை மணிக்கு வந்தார். கட்டுமரத்தைக் கரையேற்றிவிட்டு, கேட்கும் முன்பே பதில் சொன்னார்.

“வாசம் போனா என்ன. கரைக்குக் கிட்ட தண்ணி பச்சையாட்டு இருக்கும், தூரத்துல நீலமாட்டு இருக்கும். எனக்க கண்ணுக்கு அந்த அளவு தெரியும்.”

நீலம் மாசி மாதம் விழுந்தது.

அதற்கு வலையில் கண் என்று ஒன்றே இல்லை. தார்ப்பாயில் ஊசியால் குத்திக் குத்தி ஷைனி தைத்த மடி அது. கரையேறியபோது உள்ளே தொட்டால் கையில் ஒட்டுகிற அளவுக்கு நீலமும் பச்சையும் கெட்டியாகக் கிடந்தன. கடல் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வெளுத்துப்போய் வானத்தோடு ஒட்டிக்கொண்டது. கறிப்பங்கு நீலத்தை வைத்து மாதா சிலை இருக்கிற கெபிக்குப் பெயிண்ட் அடித்தார்கள், ஜன்னலுக்கு அடித்தார்கள், ஒருவர் தன் பைக்குக்கு அடித்தார். ஷைனி அப்பாவிடம் போய்ச் சொன்னாள். அவர் தூண்டிலுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார், முடிச்சைப் போட்டு முடித்தார், அடுத்த தூண்டிலை எடுத்தார். அதற்கு முன்பு இரண்டு தடவையும் ஏதாவது ஒன்று மிச்சமிருக்கிறது என்று சொன்னவர் இந்தத் தடவை எதையும் சொல்லவில்லை என்பது அவளுக்கு இரவு சோறு தின்னும்போதுதான் உறைத்தது.

காலையில் எழுந்து பார்த்தபோது மரம் இல்லை.

ஒரு மணி ஆயிற்று, மூன்று ஆயிற்று, நாலு ஆயிற்று. வெள்ளைத் தண்ணீரும் வெள்ளை வானமும் சேர்கிற இடம் எது என்று கண் நல்லாத் தெரிகிறவர்களுக்கே தெரியவில்லை. சத்தம் போட்டுக் கூப்பிடலாம் என்று நாலு பேர் வந்தார்கள், ஒரு ஆளின் கூப்பாடு எவ்வளவு தூரம் போகும், கொஞ்சம் கத்திவிட்டு நிறுத்தினார்கள். அப்போதுதான் ஷைனி குடத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஓடினாள். சத்தம் மிச்சம் இருக்கா, அப்பா வரல, சத்தம் மிச்சம் இருக்கா. பல வீட்டில் தீர்ந்துவிட்டது. சிலர் தேடிப் பார்த்துப் பாட்டிலின் அடியில் கிடந்ததை ஊற்றினார்கள். பிலோமி அக்கா தொட்டிலைப் பார்த்தாள், தூக்குவாளியைப் பார்த்தாள், குழந்தை இனி எப்படித் தூங்கும் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டே கவிழ்த்தாள். நாற்பது வீடு ஏறியும் குடத்தில் கால்வாசிதான் சேர்ந்தது, குலுக்கினால் ஒரு பெருமூச்சு மாதிரி கேட்டது.

ரெஜிஸ் வீட்டில் ஒரு பெரிய ஜாடி நிறைய இருந்தது. வலைக்காரருக்கு இரட்டைப் பங்கு. மகள் கல்யாணத்துக்குத் திறக்கலாம் என்று வைத்திருந்தார். முற்றத்தில் ஆள் கூடிவிட்டது.

“வருவாவ மக்களே. வறுவேலுக்குத் தெரியாத கடலா. நாளைக்கு விடிஞ்சதும் வள்ளம் அனுப்புவோம்.”

“அவருக்குத் தெரிஞ்ச கடலத்தான் நாம வித்தாச்சே மாமா.”

ஊர் அதிர்ந்தது அந்த ஒரு தடவைதான். கடல் ஊமையானபோது அதிராத ஊர், வாசம் போனபோது அதிராத ஊர், கண்ணெதிரே கடல் வெளுத்தபோது பெயிண்ட் அடிக்கப் போன ஊர், பங்கு வாங்கியவள் மடியைக் குறை பேசியதற்கு அதிர்ந்தது. ஒரு அம்மாள் நெஞ்சில் சிலுவை போட்டாள். பங்கு வாங்கின வாயால பேசாத என்றார் ரெஜிஸ், கோபத்தைவிடப் பயம்தான் அதில் அதிகம் இருந்தது. உனக்கு இனி கயிற்றில் இடமில்லை, தெரியும்தானே என்றார்.

“தெரியும். வாங்கினேன். எனக்க கையாலதான் தைச்சேன், மூணையும். இப்போ தாங்க.”

அவர் தருவதாக இல்லை. உள்ளே இருந்து கல்யாணப்பெண்ணே ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்தாள், அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் ஷைனியின் காலடியில் வைத்தாள்.

கோயிலுக்கு நேராக, அலை சத்தமில்லாமல் விழுகிற இடத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கவிழ்த்தார்கள். ஒரே ஒரு அலை அடித்தது. ஏழு மாதம் கழித்து அந்தக் கரையில் ஒரு அலை எழும்பி, இரைந்து, உடைந்து, மணலை அறைந்து, பின்வாங்கிப் போகிற சத்தம் முழுசாகக் கேட்டது, அதற்குள் தொட்டில் ஆடுகிற கிறீச்சும் ஹார்லிக்ஸ் பாட்டிலின் கணீரும் கொஞ்சம் கலந்திருந்தன. கரையில் நின்றவர்களில் பலர் அழுதார்கள், ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது. பிறகு பழைய மௌனம். அடுத்த அலை சும்மா விழுந்தது.

வெளிச்சம் போகிற நேரத்தில் வறுவேல் வந்து இறங்கினார். உதடு வெடித்திருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்.

“ஒரு அலை அடிச்சது. அடுத்ததுக்கு காத்துக் கிடந்தேன், வரல. சரின்னு முகத்தத் திருப்பாம அந்தப் பக்கமே துடுப்பப் போட்டேன். ஒண்ணு போதுமா, மக்களே, ஒண்ணு போதுமா.”

அவர் திரும்பவும் கடலுக்குப் போகமாட்டார் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு இந்த மாதிரி ஆட்களைத் தெரியாது. நாலாம் நாள் போனார். ஷைனி சண்டை போட்டாள், மரத்தைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து ஒளித்து வைத்தாள், அவர் வேறு கயிற்றில் கட்டிக்கொண்டு போனார். வேறு வழியில்லாமல் அவள் கரையில் நின்று, வாயைத் திறந்து, வயிற்றிலிருந்து எடுத்து, கடல் மாதிரி இரைந்தாள். அலை எழும்பும்போது மெதுவாகத் தொடங்கி, வளையும்போது ஏற்றி, விழும்போது அறைந்து, பின்வாங்கும்போது பல்லிடுக்கில் இழுத்து, மூச்சு வாங்கி, மறுபடியும். பார்த்தவர்கள் சிரித்தார்கள். வறுவேலுக்கு மகள் கடலாயிட்டா என்றார்கள். மத்தியானம் ஒன்றே காலுக்கு வறுவேல் நேராக வந்து இறங்கியதும் சிரிப்பு நின்றது, ஏனென்றால் கடலில் அவர்கள் வீட்டு ஆட்களும் இருந்தார்கள். கரை தெரியாமல் எண்ணெய் தீர அலைந்து அடுத்த ஊரில் ஏறிய வள்ளங்கள் அந்த வாரத்தில் மட்டும் ஐந்து.

அதன்பிறகு ஒவ்வொருவராக வந்து அவளோடு நின்றார்கள். கிழக்கே பாறைச் சத்தத்துக்கு ஆண்கள், தொண்டையில் இடித்து எழுப்புவார்கள். மேற்கே பொழிமுகத்துக்குப் பிள்ளைகள், உறிஞ்சுவார்கள். நடுவில் மணலுக்குப் பெண்கள். ஊர்க் கமிட்டி முறை போட்டுத் தாள் ஒட்டியது, கயிற்றில் கை வைத்த எல்லா வீட்டுக்கும் முறை உண்டு, வராத வீட்டுக்குக் குடிதண்ணீர் இல்லை. சாமியார் வியாழக்கிழமை வந்து நிற்பார், நல்ல குரல். பிலோமி அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இரைவாள், அது அவள் தோளில் தூங்கும். கிளிசரின் மிட்டாயும் வெந்நீரும் சுற்றி வரும். ஊர் முழுக்கத் தொண்டை கட்டியது, முதல்முறையாக யாரும் யாருடனும் சண்டை போட முடியாமல் ஆயிற்று. இரண்டு மாதத்தில் அந்தச் சத்தம் அசல் கடலைவிட நன்றாக இருந்தது என்று கேட்டவர்கள் சொல்கிறார்கள், கடலில் ஆள் இருக்கிறார்கள் என்கிற கவலை அசல் கடலுக்குக் கிடையாது அல்லவா. பக்கத்து ஊரிலிருந்து பைக்கில் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். ஷைனிக்குக் கயிற்றில் இடமில்லை, பங்கு இல்லை, ஆனால் நடுவரிசையில் முதல் ஆள் அவள்தான்.

இப்படி இருக்கும்போது ஒரு புதன்கிழமை, மத்தியானம் பன்னிரண்டரைக்கு, வள்ளங்கள் எல்லாம் வந்துவிட்டன, வறுவேல் மட்டும் வரவில்லை. குளிர்வண்டி வந்து ரோட்டில் நின்றது. சுதாகரன் இறங்கினார், மணலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார், வரிசைக்குப் பின்னால் நின்று காதுக்குக் கையைக் குவித்து ரொம்ப நேரம் கேட்டார். கண்ணை மூடிக்கூடக் கேட்டார். பிறகு ரெஜிஸின் பக்கத்தில் போய்ச் சொன்னார்.

“அண்ணே, இது நல்லாருக்கு. முதல்ல எடுத்ததவிட நல்லாருக்கு. இதுக்கு ஆள் இருக்கு.”

பாறைச் சத்தம் நின்றது, ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பொழிமுகச் சத்தம் நின்றது. பெண்களில் ஒவ்வொரு வாயாக நின்றது. பிலோமி அக்கா நிறுத்தியதும் குழந்தை விழித்துக்கொண்டது. ஷைனி நிறுத்தவில்லை. சாமியாரும் ரெஜிஸும் கமிட்டி ஆட்களும் சுதாகரனைச் சுற்றி நின்றார்கள், யாரோ தாழ்ந்த குரலில் இது தொண்டையில்தானே இருக்கிறது, கடலில் இல்லையே, எப்படிப் பிடிப்பது என்று கேட்டார்கள்.

“கரைக்கு மேலயும் வலை விரியும்ல” என்றார் சுதாகரன். “மடிதான் இருக்கே. ஊர்ல எல்லாரும் வரிசையா நின்னு சத்தம் போடுங்க, பின்னால இருந்து இழுத்திருவோம். ஒரே இழுப்பு.”

இழுத்த பிறகு எங்க தொண்டையில் என்ன இருக்கும் என்று ஒருவர் கேட்டிருக்கலாம். கேட்க வாய் இருந்தது, எல்லா வாயும் அப்போது சும்மாதான் இருந்தது. ஆனால் பங்கு வாங்கியவர்கள், வாங்கப்போகிறவர்கள். ரெஜிஸ் கடலைப் பார்த்தார், வள்ளங்கள் எல்லாம் கரையில் இருந்தன, ஒரு மரம்தான் வெளியே. கறிப்பங்கு உண்டுல்ல என்று ஒரு குரல் கேட்டது.

இல்லை என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அது ஷைனியின் தொண்டை வரை வந்தது. ஆனால் கரையில் அப்போது கடல் என்று இருந்தது அவள் ஒருத்திதான், வெளுத்த தண்ணீரும் வெளுத்த வானமும் சேர்ந்துபோன அந்த இடத்தில் எங்கேயோ அப்பா முகத்தைத் திருப்பாமல் துடுப்புப் போட்டுக்கொண்டிருப்பார், அடுத்த அலைக்குக் காத்துக்கொண்டிருப்பார். அவள் அலையை ஏற்றினாள், அறைந்தாள், பின்னால் இழுத்தாள், மூச்சு வாங்கினாள், மறுபடியும் தொடங்கினாள்.

பின்னால் மணலில் கயிறு இழுபடுகிற சத்தம் கேட்டது. கடல் வாயடைத்த பிறகு அந்த ஊரில் எல்லாம் தெளிவாகக் கேட்கும்; எத்தனை கை அதன்மேல் விழுந்தது என்பதுகூட.